மன்னிப்பு கேட்க வந்தவர்

போன வாரம் பத்து பாகாட் ஊரில் கார் டயர் பஞ்சராகி ஒரு கடையில் நின்றேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் என் கண் தானாக மாடியைப் பார்த்தது. எங்கள் பழைய சபை இப்படித்தான் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. பாஸ்டர் பரலோகத்தைப் பற்றிப் பேசுவார், கீழேயிருந்து ரப்பர் நாற்றம் வரும். இரண்டையும் சேர்த்தே சுவாசித்தவள் நான்.

அப்போது நானும் அண்ணனும் ஒரே தையல் ஆலையில் வேலை செய்தோம். அண்ணன் துணி வெட்டுவான். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எவனோ பாராங் கத்தியால் அவனை வெட்டிவிட்டு ஓடினான். வலது கையில் மூன்று விரல் போயிற்று, வேலையும் போயிற்று. வெட்டியவன் அகப்படவே இல்லை. அம்மா அழுது அழுது அண்ணனைச் சபைக்கு இழுத்து வந்தாள். கையைச் சட்டைக்குள் மறைத்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கும் முன் பழைய பாவங்களை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பீர், நாலு நம்பர் லாட்டரி, மாமியார் சண்டை என்று போகும். எனக்கு அது சினிமா மாதிரி; முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவேன். அந்த ஞாயிறு கெலாங் பாத்தாவிலிருந்து வந்த மணியம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல ஆளு மாறி ஒரு பையன வெட்டிட்டேங்க. தடுக்கப் பாத்தான், விரலெல்லாம் போச்சு. அந்தப் பழைய மணியம் செத்துட்டான். இயேசு என்னை மன்னிச்சு புதுசா பொறக்க வெச்சாரு."

சபை அல்லேலூயா சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியால் அவர் மண்டையில் அடித்தான். நாற்காலி உடைந்தது. உடைந்த காலாலும் அடித்தான். மைக்கில் அந்தச் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று உளறினேன். மணியம் கையைத் தூக்கவே இல்லை. மண்டியிட்டு வாங்கிக்கொண்டார்.

"மன்னிக்க அவரு யாரு? வெட்டு வாங்கினது நானு லா! எங்கிட்ட கேட்டியா?"

"கேக்க பயமா இருந்திச்சு, தம்பி. சாமிகிட்ட கேக்கறது லேசா இருந்திச்சு."

விசுவாசித்தால் ரட்சிப்பு இலவசம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் அன்று எனக்குக் கடவுள் மேலேயே கோபம் வந்தது.

மணியம் தலையில் கட்டோடு தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டு கேட்டில் வந்து நிற்பார். "மன்னிச்சிருங்க தம்பி." அண்ணன் கையில் கிடைத்ததை எறிவான். செருப்பு, பூந்தொட்டி, ஒருமுறை கொதிக்கும் தேநீர். புருவம் கிழிந்து திரும்பிப் போவார்; மறு வாரமும் வருவார். வருஷக்கணக்கில் இது நடந்தது. பிறகு அண்ணன் எறிவதை நிறுத்தினான். ஞாயிறு மத்தியானம் முகச்சவரம் செய்துகொண்டு கூடத்தில் உட்கார ஆரம்பித்தான். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அப்போதுதான் காஹாங் சாலையில் ஒரு லாரி மணியத்தின் மோட்டார் சைக்கிளை இடித்தது.

அடக்கத்துக்கு அண்ணனும் வந்தான். மூடிய பெட்டியை அந்த விரல் போன கையாலேயே ஓங்கி ஓங்கி அடித்தான். தோல் கிழிந்து பலகையில் ரத்தம் பட்டது. நான்கு பேர் பிடித்தும் அடங்கவில்லை.

"இந்த வாரம் சொல்லலாம்னு இருந்தேனே! எந்திரிச்சு வந்து கேளுடா!"

அந்த வீட்டையும் கேட்டையும் இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் என்னோடுதான் இருக்கிறான். ஞாயிறு மத்தியானம் இன்னமும் சவரம் செய்துகொள்கிறான். அவனிடம் மன்னிப்பு கேட்கத்தான் யாரும் வருவதில்லை.