பார்த்ததும் சொன்னதும்

அந்த அழகு நிலையத்தில் நாற்காலிகள் இரண்டுதான். ஆனால் காத்திருப்பவர்களின் பெஞ்சு எப்போதும் நிறைந்திருக்கும். பாதிப் பேர் முடி வெட்ட வருவார்கள், மீதிப் பேர் கதை கேட்க வருவார்கள். கடைக்காரிக்கு 'நியூஸ் அக்கா' என்றே பேர். எந்தச் செய்தியையும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருப்பாளே, அந்த ஐந்து நிமிடம்தான் அவள் வாய்க்கு ஓய்வு.

ஒருநாள் அவள், தன் தம்பியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு ஆணின் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். அம்மா இந்த மருமகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதில் அவளுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். மறுநாள் கடையில் சொல்லும்போது, "கையப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா" என்று ஒரு வரி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் இருந்த தையல்காரி அதை இன்னும் கொஞ்சம் வளர்த்துத் தம்பியின் காதில் போட்டாள். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. தம்பி மனைவியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

எட்டு மாதம் ஓடியது. அக்காவுக்குத் தூக்கம் கெட்டது. இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று மூன்று முறை சபதம் எடுத்தாள், வாயில் மிட்டாய் அடக்கிக்கொண்டுகூடப் பார்த்தாள். மூன்றாம் நாளே மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் திருவிருந்து வாங்க மண்டியிட்டவளுக்குக் கை நீளவில்லை. எழுந்து, எல்லோரும் பார்க்க வெளியே வந்தாள். வீட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். "இயேசுவே, இது வாய்த்துடுக்கு இல்ல, பாவம். என்னால இத விட முடியல. நீங்கதான் என்னை விடுவிக்கணும்." பயம் போகவில்லை. ஆனால் எழுந்தபோது கால் தரையில் ஊன்றியது.

தம்பி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். அவள் போனபோது கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கதைய முதல்ல சொன்னது நான்தான்டா."

அவன் நிமிர்ந்தான். "நீ பாத்தியா?"

"கார்ல இருந்து இறங்கினதப் பாத்தேன். கையப் பிடிச்சதா சொன்னது பொய். நானாச் சேர்த்தது."

அவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவியின் தாய்வீட்டுக்கு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

கதவைத் திறந்த தம்பி மனைவி, அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். "எங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு. ஆபீஸ் மேனேஜர் கொண்டுபோய் விட்டாரு. இத உங்க தம்பிகிட்ட எத்தன தடவ சொன்னேன், அண்ணி." தம்பி தலை குனிந்தான். "எங்கிட்ட மன்னிப்பு கேட்டாப் போதாது. எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க."

சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத நேரம். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டாள். "என் தம்பி பொண்டாட்டியப் பத்தி நான் சொன்னது பொய். தங்கமான பொண்ணு. பொறாமையில சொன்னேன்." தையல்காரி முதல் ஆளாக எழுந்து போனாள். அக்காவுக்கோ, மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தாற்போல் இருந்தது. மறுவாரமே தம்பி மனைவி வீடு திரும்பினாள்.

பெஞ்சில் கூட்டம் குறைந்தது. ஆனாலும் சோதனை விடவில்லை. ஒருநாள் நாற்காலியில் இருந்த பெண் கண்ணாடி வழியாகக் கண் சிமிட்டினாள். "அந்தத் தையல்காரி வீட்டு விஷயம் தெரியுமா அக்கா?"

தெரியும், நன்றாகவே தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'ஆண்டவரே, பிடிச்சுக்குங்க' என்றாள் உள்ளுக்குள். வந்தது அப்படியே இறங்கிப் போனது.

"பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

அன்று மாலை ராணி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தாள். "இன்னைக்கு ஒரு பெரிய விஷயத்தச் சொல்லாம ஜெயிச்சுட்டேன்."

"என்ன விஷயம்?" என்றான் கணவன்.

"சொல்ல மாட்டேன்."

சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள்.