காதில் விழாத அலைவரிசை

பூட்டுக்காரி என்றால் அந்த வட்டாரத்து ஆபீஸ்களில் தெரியாதவர்கள் இல்லை. பூட்டு விற்பவள் அல்ல அவள். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு இடத்தின் வைஃபைக்குள் வெளியாள் நுழைய முடியுமா என்று சோதித்துச் சொல்பவள். அவள் என்ன செய்கிறாள் என்பது பாதிப் பேருக்குப் புரியாது. கடைசியில் அவள் போடும் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அவளுடைய பிழைப்பே அந்தக் கையெழுத்துதான்.

அன்று சிறுநீரக சிகிச்சை மையத்தில் வருடாந்திரச் சோதனை. நோயாளிகள் இல்லாமல் இயந்திரங்களைச் சுத்தம் செய்கிற நேரம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். அதற்குள் முடித்தாக வேண்டும். மையத்தின் தலைமை நர்ஸ் அவள் கணவனின் அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒன்பதரைக்கு லேப்டாப் மேசை விளிம்பில் இடித்து, செருகியிருந்த யுஎஸ்பி வைஃபை அடாப்டர் கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. பாழாய்ப்போன மேசை! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் மூன்று ஆன்டெனா முளைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை வாங்குங்க மேடம். நாலு மாடி தாண்டி இழுக்கும்."

"இழுக்கிறது இருக்கட்டும். உள்ள என்ன சிப்பு?"

"அதெல்லாம் யாருக்கு மேடம் தெரியும்? பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஆயிரம் கேள்வி கேக்கறீங்களே!"

அவருக்கு என்ன, சிரிக்கலாம். இந்தக் கம்பெனிக்காரர்கள் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. அதே பெயர், அதே படம், அதே டப்பா. அவள் சோதனைக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்கிற உள்சிப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். செருகிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஆன்டெனா முளைத்ததை அவள் லேப்டாப்பில் ஓடுகிற லினக்ஸ் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. அடுத்தது இணையத்தில் இணைந்தது. ஆனால் சுற்றிலும் பறக்கிற எல்லாச் சிக்னலையும் ஒட்டுக்கேட்கிற மானிட்டர் மோடுக்குப் போக மறுத்தது. முறிந்துபோன அடாப்டரின் அதே மாடல் ஒன்று கிடைத்தது. அப்பாடா என்று செருகினால், உள்ளே வேறு சிப்!

"பிரிச்ச டப்பாவை யார் வாங்குவா மேடம்?" கடைக்காரரின் குரல் ஏறியது.

"யாரும் வாங்கலேன்னா எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன். அந்த மூலைல இருக்கிறதையும் குடுங்க."

மணி பத்து நாற்பது. மூலையில் தூசி படிந்து கிடந்த அந்தக் கட்டைவிரல் அளவு அடாப்டர், மானிட்டர் மோடுக்கு மறுபேச்சில்லாமல் போனது. சோதனைச் சிக்னலையும் அனுப்பியது. போதாததற்கு, பழையதற்குக் கேட்காத ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இதற்குக் கேட்டது.

மையத்துக்குத் திரும்பிச் சோதனையை ஓட்டிய ஐந்தாவது நிமிடம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து கிகாஹெர்ட்ஸில், பெயரை மறைத்துக்கொண்டு ஒரு வைஃபை. கடவுச்சொல் கிடையாது. இயந்திரங்கள் நர்ஸின் திரைக்கு அனுப்புகிற படுக்கை எண், காலையில் வந்துபோன நோயாளிகளின் ரத்த அழுத்தம், எல்லாம் யாரும் படிக்கும்படி பச்சையாகப் பறந்துகொண்டிருந்தது.

"அண்ணி, இந்த மெஷின் வைஃபை எப்போ போட்டாங்க?"

"மெஷின் வந்தப்பவே. மூணு வருஷம் இருக்கும். ஏன்?"

போன வருடம் இதே மேசையில் உட்கார்ந்து, 'பாதுகாப்பாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்குக் கண்டுபிடிச்சேன்னு எழுது, முடிஞ்சது," என்றான் அவன். "போன வருஷக் கதையை யாரு கேக்கப் போறா? உன்னைச் சேர்த்துவிட்டதுக்கு அக்கா தலையும் சேர்ந்து உருளும்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேங்க."

"அதனாலதான் சொல்றேன், வாயை மூடிக்கிட்டு இரு."

அவன் சொன்னதில் ஆசை வராமல் இல்லை. ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டால் போதும், யாருக்கும் தெரியாது. பதினொன்றே காலுக்கு அறிக்கையைத் திறந்தாள். அந்த வரியை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு நர்ஸின் மேசைக்குப் போய் நின்றாள்.

"அண்ணி, போன வருஷமும் இது திறந்துதான் கிடந்திருக்கு. என் பழைய அடாப்டருக்கு இந்த அலைவரிசை கேக்காது. அது எனக்குத் தெரியும். இங்க அப்படி ஒண்ணு இருக்காதுன்னு நானா நினைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. "யாராவது உள்ள புகுந்து மெஷினை மாத்தியிருந்தா?"

"மெஷினை மாத்த முடியாது. உங்க திரைக்கு வர்ற எண்ணை மாத்தியிருக்கலாம். மாத்தினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது அண்ணி."

"அந்த எண்ணைப் பார்த்துத்தானே நான் நோயாளிகிட்ட ஓடறேன்!"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நர்ஸ் மளமளவென்று வேலையில் இறங்கினார். அந்த வைஃபையை அணைக்கச் சொன்னார். இனி திரைக்கு எண் வராது, பன்னிரண்டு மணியிலிருந்து ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் முடிந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பழசை வச்சு இன்னும் எத்தனை இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கே?"

இவ்வளவு நேரம் தன் தலையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. மனதுக்குள் எண்ணினாள்.

"பதினாலு."

"எல்லாம் ஆபீஸ்தானே?"

"ரெண்டு ஆஸ்பத்திரி."

நர்ஸ் மேசை மேலிருந்த போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல அந்த ரெண்டுக்கும் பேசு."