ஊமைக் கட்டை

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் டிரேவருக்கு இரண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பழைய பெடல் ஆர்கன் வாசிப்பது ஒன்று. மற்ற நாளெல்லாம் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் பேய்க்குப் பாட்டுப் போடுவது இன்னொன்று. "ஞாயித்துக்கிழம ஆண்டவருக்கு, மீதி நாளு காட்டேரிக்கா மேன்?" என்று பாடகர் குழுவின் ஐரின் வாரம் தவறாமல் கேட்பாள்.

அந்த ஆர்கனில் ஒரு கட்டை ஊமை. எத்தனை தடவை அமுக்கினாலும் மூச்சு விடாது. கடைசிப் பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில், சரியாக அதுதான் வந்து தொலைக்கும். அந்த ஒரு சுரத்தை அல்போன்சா ஆன்ட்டி தனியாகப் பாடி நிரப்புவார். சுருதிக்கு நூலளவு மேலே. முடிவில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. அவர் குரல் எழும்பினால் எதிர்த்தெரு அடுப்பில் பால் பொங்கும் என்பார்கள். பொங்கியதைத் துடைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

போன தவக்காலத்தில் ஆன்ட்டி போய்ச் சேர்ந்தார். கட்டையை யாரும் பழுது பார்க்கவில்லை. அந்த இடத்தை யாரும் பாடவும் இல்லை. மொத்தக் குழுவும் வாயை மூடி, ஆன்ட்டி பாடி முடிக்கிற நேரத்தை விட்டு, அப்புறம்தான் தொடரும். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

இதற்கிடையில் கம்பெனியில் டிரேவரின் நாற்காலி ஆட ஆரம்பித்திருந்தது. கேமில் பேய் ஒரு நீள வராந்தாவில் வரும். அதற்கு முரசு, அலறல், நாய் ஊளை, இரும்புக் கதவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டியிருந்தான். ஆடிப் பார்த்தவர்கள் முதல் தடவை துள்ளினார்கள். இரண்டாம் தடவை சிரித்தார்கள். மூன்றாம் தடவை சமோசா தின்றுகொண்டே ஆடினார்கள்.

"பேய் வருதா, கல்யாண பேண்ட் வருதா குரு?" என்றார் மேலாளர் ஹரிஷ்குமார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பயம் வரணும். இல்லன்னா ரெடிமேட் மியூசிக் போட்டுடுவோம். அப்புறம் நீ எதுக்கு, ஹேளு, நீயே சொல்லு?"

புதன்கிழமை மத்தியானம் காலிக் கோயிலில் உட்கார்ந்தான். வேறெதுவும் தோன்றாமல் கடைசிப் பாட்டையே மெதுவாக வாசித்துப் பதிவு செய்தான். ஊமைக் கட்டை வந்தது. கை தன்னால் நின்றது, ஆன்ட்டிக்கு உரிய நேரத்தை விட்டது, பிறகு தொடர்ந்தது. அதை அப்படியே கேமில் சேர்த்தான். பேய் கிட்டே வந்தால் பாட்டு, விலகினால் அமைதி.

நாள் முழுக்கக் கேமை ஆடிக் குறை கண்டுபிடிப்பதே கம்பெனியில் அனன்யாவின் வேலை. வியாழன் காலையிலேயே வந்துவிட்டாள்.

"சார், பாட்டு நடுவுல சவுண்ட் கட் ஆகுது."

"கட் இல்லம்மா. அது அப்படித்தான்."

"அய்யோ, எரிச்சலா இருக்கு சார். எப்ப வரும், எப்ப வரும்னு காது அங்கியே போய் நிக்குது."

மாலைக்குள் நாற்பது தடவை ஆடியிருப்பாள். மறுபடி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"சரி பண்ணிட்டீங்க, தேங்க்ஸ் சார். ஆனா அந்த லேடி வாய்ஸ் வேணாம். முதுகுக்குப் பின்னாடி நின்னு பாடுற மாதிரி இருக்கு."

டிரேவர் காலையிலிருந்து அந்தப் பாட்டைத் தொடவே இல்லை.

"எப்படிப் பாடினாங்க?"

அந்தக் கோயில் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத பெண், முனகிக் காட்டினாள். சுருதிக்கு நூலளவு மேலே. முடிவில் அந்தக் கொக்கி.

ஹரிஷ்குமார் தானே ஆடிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பட்டப்பகல், ஹால் நிறைய ஆட்கள். ஆறாவது சுற்றில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"கத்தினா காத பொத்திக்கலாம் குரு," என்றார் மெல்ல. "சும்மா இருந்தா எதப் பொத்துறது? ஒண்ணும் மாத்தாத. இப்படியே போகட்டும்."

நாற்காலி நிலைத்தது. தூக்கம்தான் நிலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு உச்சியை நெருங்க நெருங்க, டிரேவர் பெடலை வேகவேகமாக மிதித்தான். குழு வழக்கம்போல் வாயை மூடியது. கோயில் காத்திருந்தது. டிரேவரால் முடியவில்லை. அரைத் தாளம் முந்தியே அடுத்த கட்டையை அமுக்கிவிட்டான். பாட்டு தடுக்கி விழுந்தது.

ஐரின் குனிந்து அவன் காதில் சீறினாள்.

"என்னா மேன் அவசரம்? ஆன்ட்டி இன்னும் முடிக்கவே இல்லியே!"