சேவல் கால் ஊன்றாத ஐந்து நாள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். சேவல் மட்டுமே ஐம்பதுக்குக் குறையாது. என் கையில் வளர்ந்த ஒன்றுகூட நொண்டியானதில்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் செவலைச் சேவல் இடது காலைத் தூக்கியபடி நின்றது. பாதம் வீங்கிச் சுட்டது.

பின்கட்டு அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். தென்காசிப் பக்கம். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவாள். சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று முந்தின வாரம்தான் முறையிட்டிருந்தாள். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் வாசலிலேயே மறித்தேன்.

“இன்னாம்மா, தூக்கம் வரலன்னு கல்ல வுட்டியா?”

“நான் எதுக்கு பாட்டி எறியப் போறேன்? எங்க வீட்லயும் கோழி கெடக்கு.”

“மாசம் முடியட்டும். வேற ரூமு பாத்துக்கோ.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துச் சேவல் காலில் கனமாகப் பற்றுப் போட்டேன். மறுநாள் அதன் மேலேயே இன்னொரு பற்று. மூன்றாம் நாள் அது உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் வந்து கொண்டையைக் கொத்திக் கிழித்தது. கூடையைக் கவிழ்த்து மூடிக் காவல் இருந்தேன். நாலாம் நாள் தீனியைத் தொடவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பிய மகன் எட்டிப் பார்த்தான்.

“ஞாயித்துக்கெயம வரிக்கும் பாரும்மா. நிக்கலன்னா கொயம்புதான்.”

சனிக்கிழமை அந்தப் பெண் யூனிபாரம்கூட மாற்றாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“குடுங்க, நான் பாக்கேன். நான் எறிஞ்ச கல்லு எந்த எடத்துல பட்டுச்சுன்னு எனக்கும் தெரியணும்லா.”

வெந்நீர் ஊற்றிப் பற்றைக் கழுவினாள். பாதத்துக்கு மேலே காலைச் சுற்றி ஒரு பள்ளம். அதற்குக் கீழேதான் வீக்கம், மேலே ஒன்றுமில்லை. அவள் விரல் பள்ளத்தில் நின்றது.

“பாட்டி, உள்ள நூலு கெடக்கு.”

சிவப்பு நைலான் நூல். எங்கள் தெருவில் கோழிகள் கலந்து மேயும். அடையாளத்துக்கு வீட்டுக்கு ஒரு நிற நூலைக் காலில் கட்டுவோம். வளர வளர அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். இதற்குக் கட்டியவள் நான். அவிழ்க்க மறந்தவளும் நான். கண் ஆபரேஷன் செய்திருந்தேன் என்று காரணம் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

உள்ளே போய்ப் பிளேடு எடுத்து வந்தேன். பிளேடை அவளிடம் கொடுத்துவிட்டு, சேவலை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தாள். சீழும் ரத்தமுமாக நூல் சுருண்டு வந்தது. சேவல் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விரல்களைத் தொட்டேன். மூன்றில் சூடு இருந்தது. பின்விரல் கறுத்துச் சில்லிட்டிருந்தது.

மறுநாள் காலை மகன் கூடையைத் தூக்கினான். சேவல் அந்தக் காலைத் தரையில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. நின்றது. மகன் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனான். பின்விரல் அப்புறம் உதிர்ந்துவிட்டது. இன்றும் நொண்டித்தான் நடக்கிறது, தெருவே பார்க்கிறது.

சேவல் நின்ற அன்றே பின்கட்டுக் கதவைத் தட்டினேன்.

“ரூமு உன்னுதுதான். இரு.”

“சேவல் மறுபடியும் கூவுனா?”

“கூவும். காதுல பஞ்ச வச்சிக்கோ.”

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

“இன்னாடி, அதுக்குள்ள பேனாவ மூடிட்ட? நூலு கட்டுனது நான்தான்னு எழுதுனியா? எங்க, அந்த எடத்தப் படி.”