மீதி மூன்று ரீல்

நேற்று அக்கா மகள் போனை நீட்டி, "மாமா, லவ் படமாம். ஆனா டூயட்டே இல்லியாம். பாக்கலாமா?" என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும், "தாலி கட்டுனதுக்கு அப்புறம் எவ்ளோ நேரம் ஓடுதுன்னு பாரு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு மைதா பசையின் வாடை வந்தது.

மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. இளவயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டினேன். மற்ற நேரம் டிக்கெட் கிழித்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடிய வேலைகள். என் கூச்சத்துக்குத் தோதானவை.

அப்போது ஒரு காதல் படம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, கடைசி மூன்று ரீலில் கதாநாயகன் படுத்த படுக்கையாகிவிடுவான். "என்னை விட்டுட்டுப் போயிடு" என்பான். மனைவி அவன் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பாள்.

"யோவ், இது தேட்டரா ஆஸ்பத்திரியா?" என்று கூட்டம் கத்தியது.

தியேட்டர் பெருக்கும் சின்னப்பொண்ணு மட்டும் துடைப்பத்தோடு நின்று தினமும் பார்த்தாள். மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி. புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து புருஷனுக்கு இடுப்பு போய்விட்டது. வைத்தியத்துக்கு மலையிறங்கியவர்கள் ஊர் ஓரத்தில் குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரும் இதேதாண்ணே சொல்லிக்கினு இருக்காரு. சரியா சாப்புடறதில்ல. படத்துல ஒருத்தி வுட்டுட்டுப் போவாம இருக்கான்னு சொன்னா, நீயா கட்டற கதைங்கறாரு. ஞாயித்துக்கிழமை இட்டாந்து காட்டறேன்" என்றாள்.

அந்த ஞாயிறு, மதியக் காட்சிக்குச் சற்று முன்பு, மேனேஜர் ஆபரேட்டரிடம் அந்த மூன்று ரீலையும் எடுத்துவிடச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். கூட்டம் கத்தினால் வெட்டுவோம். படப்பெட்டி திரும்பிப் போகும்போது சேர்த்து அனுப்புவோம்.

சின்னப்பொண்ணு புருஷனை மூன்று சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். நானும் ஒரு கை பிடித்துத் தூக்கிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். டிக்கெட் கிழிக்க வாசலுக்குப் போய்விட்டேன்.

தாலி கட்டியதும் விளக்கு எரிந்தது. கூட்டம் விசிலடித்துக்கொண்டு வெளியேறியது.

"அண்ணே, மீதி எங்கண்ணே?"

மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். "படம் அவ்ளோதாம்மா" என்றேன்.

புருஷன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "எனக்காகன்னு நல்லாத்தான் கட்டியிருக்க கதைய."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் கஞ்சியும் தொடவில்லையாம். பத்து நாள் இருந்தார். காரியம் முடிந்து மலைக்குக் கிளம்பும்போது துடைப்பத்தை என்னிடம்தான் கொடுத்தாள். "அந்த நகம் வெட்டறத நீயும் பாத்த இல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஊரெல்லாம் என் கையால் ஒட்டிய அந்தப் படத்தின் பெயரும் மறந்துவிட்டது. நேற்று அக்கா மகளுக்குக் கதையைச் சொல்லித் தேடச் சொன்னேன். வெகுநேரம் தேடினாள்.

"அப்படி ஒரு படமே இல்ல மாமா" என்றாள். "நீங்களா கட்டுன கத."