பதில் வரும் நேரம்

எனக்கு என் ஓரகத்தி மேல் பொறாமை. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை; அப்போது வாயைத் திறந்திருக்க மாட்டேன். எண்பதுகளில் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் புருஷனுக்கு மெட்ராஸில் ஆபீஸ் வேலை. அவருடைய அண்ணன், அதாவது என் புருஷன், மஸ்கட்டில் கட்டட வேலை. உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு ரைஸ் மில்லில்தான் போன். அவளுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வரும், எனக்கு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. துணைக்கு ஒருத்தியை ஒருத்தி கூட்டிக்கொண்டு போவோம். அந்த ரிசீவரில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவளுக்கும் கேட்கும்.

அவள் கேட்டு வாயை மூடுவதற்குள் அவள் புருஷன் பதில் சொல்லிவிடுவார். என் புருஷனோ ஒவ்வொரு கேள்விக்கும் சற்று நின்றுதான் பேசுவார். சாப்பிட்டீர்களா என்றாலும் நிற்பார். பொறுக்காமல் மறுபடி கேட்பேன்; அவர் பதிலும் என் கேள்வியும் நடுவில் முட்டிக்கொள்ளும். பக்கத்தில் எவளோ இருக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பத்தாக்குறைக்கு ஓரகத்தி சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்கு யோசிச்சிப் பேசவே தெரியாதுக்கா. மாமா அளந்து பேசறாரு."

மறுநாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே போய்விட்டேன். ஆபரேட்டர் என் வயதுக்காரி. ஊரார் பேச்சு முழுக்க அவள் காதில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் புருஷன் பதில் சொல்லாமல் நிற்கிற நேரத்தில் பின்னால் பொம்பளைக் குரல் ஏதாவது கேட்கிறதா என்று விசாரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மெட்ராஸ் இன்னா, கம்பியில போற தூரம். மஸ்கட் பேச்சு வானத்துல கீற சேட்டிலைட்டுக்கு ஏறி எறங்கணும். நீங்க கேக்கறது ஒருவாட்டி ஏறி எறங்குது, அவரு சொல்றது ஒருவாட்டி. ஒண்ணுன்னு சொல்லி முடிக்கிற நேரம் ஆவும். யாரு பேசினாலும் ஆவும். அதுக்கு மேல ஆனாத்தான் ஆளு யோசிக்கிறாருன்னு அர்த்தம்."

அடுத்த மாதம் போன் வந்தபோது, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று என்றேன். சொல்லி முடித்ததும் பதில் வந்தது. "ஆறு பேரு கீறாங்க. போனுக்கு லைன்ல நிக்கறாங்க. எல்லாம் மீசக்காரனுங்க." அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. ஓரகத்தி பேசும்போதும் எண்ணுவேன். நான் ஒன்று என்று ஆரம்பிப்பதற்குள் அவள் புருஷன் குரல் வந்துவிடும். எனக்கு வயிறு எரியும். எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு தூரத்தில் ஒரு புருஷன் என்று ஆத்திரமாக வரும்.

ஒரு வியாழக்கிழமை அவள், ரெண்டு வாரமாக ஏன் ஊருக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். ஒன்று. ரெண்டு. மூன்று. நான்கு.

"ஆபீஸ்லதான்," என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டு, பாவம், லீவு கூடக் கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள் என்றாள். நான் ஆமாம் என்றேன். வழியெல்லாம் அவருக்கு முறுக்கு சுட்டு அனுப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். இனிமேல் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

"அரிசி ஊறப்போடட்டுமாக்கா?" என்று கேட்டாள். என் தோளை உரசிக்கொண்டுதான் நடந்தாள். பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.