அரிசி முடிந்த இடம்

பிள்ளைகளே, உட்கார்ந்துகொண்டே ஐஸ் ஹொக்கி விளையாடலாம் என்றால் நம்புவீர்களா? என் மகளும் முதலில் நம்பவில்லை.

எனக்கு இடது கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. நடக்கச் செயற்கைக் கால் உண்டு. ஐஸில் அது வேண்டாம். கழற்றி வாங்குப் பலகையில் வைத்துவிடுவேன். பிறகு ஸ்லெட்டில் ஏறி வாரை இறுக்க வேண்டும். ஸ்லெட் என்பது வாளி மாதிரி ஒரு இருக்கை, அடியில் இரண்டு இரும்புக் கத்திகள். கைக்கு ஒன்றாக இரண்டு குட்டை மட்டைகள். மட்டையின் ஒரு நுனியில் கூரான பற்கள் இருக்கும். அதை ஊன்றித் தள்ளினால் ஸ்லெட் ஓடும். மறு நுனியால் கறுப்பு ரப்பர் வட்டை அடிக்கலாம்.

எல்லாம் சரிதான். ஆனால் என் ஸ்லெட் வலப்பக்கம் மட்டுமே திரும்பியது. இடப்பக்கம் வரவே வராது.

"அப்பா, நீங்கள் ரோட்டு ரவுண்டபவுட்டிலயே சுத்திக்கொண்டு நிக்கிறியள். இடப்பக்கம் எக்ஸிட் எடுக்கத் தெரியாதே?" என்று கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று மகள் கத்துவாள்.

சிட்னி அணி வரும் சனிக்கிழமை மெல்பேர்னுக்கு விளையாட வருவதாக இருந்தது. வியாழக்கிழமைப் பயிற்சியில் இடப்பக்கம் திரும்பிக் காட்டினால் அணிப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுவேன், இல்லாவிட்டால் மற்றவர்கள்மேல் மோதிவிடுவீர்கள் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்றால் மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தவன் நான். ஒரு அணியில் என் பெயர் வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா!

ஏன் வலப்பக்கம் மட்டும்? யோசித்தேன். நான் வேலை செய்யும் கிடங்கில் ஒரு பக்கம் பாரம் கூடினால் அடுக்கிய பெட்டிகள் அந்தப் பக்கமே சாயும். எனக்கும் வலப்பக்கம் ஒரு முழுக்கால் கூடுதல் அல்லவா? அந்தக் கால் எவ்வளவு பாரம்? நோபல் பார்க்கில் உள்ள எங்கள் வீட்டில் நிறை பார்க்கும் மெஷினில் காலைத் தூக்கி வைத்தேன்.

"அமத்தாதேங்கோ அப்பா! சும்மா விடுங்கோ!"

"விட்டுட்டன் பிள்ளை, அது தானா அமத்துது."

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. கடைசியில், காலின் பாரத்துக்குக் கிட்ட வரும் என்று, குசினியில் இருந்த சிவப்பு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை அந்தப் பையை ஸ்லெட்டின் இடப்பக்கம் கட்டினேன். தள்ளினேன். நேராகப் போனது! துணிந்து இடப்பக்கம் சாய்ந்தேன். திரும்பியது! கையைத் தூக்கப் போன நேரம் பயிற்சியாளரின் விசில் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் வெள்ளை ஐஸில் நீளமாகச் சிவப்புக் கோடு. என் மட்டையின் பற்களே பையைக் கிழித்திருந்தன.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் அணியில் இருக்கிறார். ஸ்லெட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணே, ஐஸ்ல கோலமா?"

"கோலமில்லை தம்பி, கால்."

"என்னது, காலா?"

ஒரு அரிசி கத்திக்கு அடியில் அகப்பட்டாலும் ஆள் கவிழும். பயிற்சியாளர் முகத்தை நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். எல்லோரும் கையுறையோடு பொறுக்கினார்கள். மகள் தும்புத்தடியோடு ஐஸுக்குள் வந்து, கூட்டிக்கொண்டே போனவள், ஐஸின் குறுக்கே போட்டிருக்கும் நீலக் கோட்டில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. அரிசி இதில முடிஞ்சுது. நீங்கள் திரும்பினது அங்கால."

உண்மைதான். நீலக் கோட்டுக்கு அப்பால் அரிசி ஒன்றுகூட இல்லை. கத்திகள் கீறிய தடம் மட்டும் வளைந்து இடப்பக்கம் போயிருந்தது.

"அப்ப நான் திரும்பேக்க பை வெறும் பையோ?"

"ஓம் அப்பா!"

அப்படியென்றால் என்னைத் திருப்பியது எது? இடப்பக்கம் தாங்க ஒன்றுமில்லை என்ற பயத்தில், அதுவரை நான் அந்தப் பக்கம் சாய்ந்தே பார்த்ததில்லை. பை தாங்கும் என்று நம்பி அன்று சாய்ந்துவிட்டேன்.

பயிற்சியாளரும் வந்து குனிந்து தடத்தைப் பார்த்தார். பை இல்லாமல் இன்னொரு தடவை என்றார். முதல் தடவை கவிழ்ந்தேன். இரண்டாம் தடவை இடப்பக்கம் திரும்பி மகள் நின்ற பக்கமாகவே வந்தேன்.

"எக்ஸிட் எடுத்திட்டார்!" என்று அவள் தும்புத்தடியைத் தூக்கிக் கத்தினாள்.

சனிக்கிழமைக்கான பட்டியலில் கடைசியாக என் பெயர் இருந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழை. பக்கத்திலேயே, பிழையில்லாமல், பயிற்சியாளர் எழுதியிருந்தார்: நோ ரைஸ்.